காலி பாட்டிலைக் கொடுத்துட்டுப் போங்க!

பெட்டிக்கடை வாசலில் கோலி சோடா குடித்தவர் யாரும் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக முடிந்ததில்லை. குடித்து முடிக்கும்வரை கடைக்காரரின் ஒரு கண் பாட்டில் மேலேயே இருக்கும். உள்ளே இருக்கும் சோடாவைவிட வெளியே இருக்கும் கண்ணாடிக்குத்தான் மதிப்பு அதிகம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை மூடிவிடும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம், குடித்த பிறகு குப்பையில் போட எதுவும் மிஞ்சாது. காலி பாட்டில்கள் பெட்டியில் அடுக்கப்பட்டு சோடா கம்பெனிக்குத் திரும்பும். கழுவி, நிரப்பி, மறுபடி அதே கடைக்கு வந்து நிற்கும்.

1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவும் இப்படித்தான் ஊர் ஊராகப் போய்த் திரும்பியது. விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடி 'கலர்' வாங்கிவரும் பையனிடம் கடைக்காரர் மறக்காமல் சொல்லி அனுப்புவார்: "காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துடணும்."

ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைத் தமிழ்நாடு யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த பாட்டில்கள் ஏன் திரும்பி வந்தன என்பதைத்தான் இன்று கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கப் பக்கத்திலேயே ஓர் இடம் இருந்தது. கழுவுவதற்கு ஆள் இருந்தார். கொடுக்காவிட்டால் கட்டிய முன்பணம் போய்விடும். இந்த மூன்றும் அறுந்துபோன இடங்களில்தான் பிளாஸ்டிக் வந்து உட்கார்ந்தது. ஸ்டீல் பாட்டில், துணிப்பை, மூங்கில் பல்துலக்கி என்று கடைகளில் இன்று விதவிதமாக விற்கிறார்கள். பொருளை வாங்கிவிட்டால் மட்டும் போதாது, அது புழங்குவதற்கான ஏற்பாடும் வேண்டும்.

மறுசுழற்சி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1950 முதல் 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் கணக்கிட்டார்கள். அதில் கழிவாகிப்போன 630 கோடி டன்னில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம்தான். 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மிச்சம் முழுவதும் குப்பைமேட்டிலோ மண்ணிலோ நீரிலோ கிடக்கிறது.

தடை வந்த நாளில்

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை அமலுக்கு வந்தது. முந்தைய ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட தடை அது. எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பை கூடாது. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேஜைமேல் விரிக்கும் தாள் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-ல்தான் வந்தது. அந்த வகையில் தமிழ்நாடு மூன்றரை ஆண்டு முந்திக்கொண்டது.

அந்த ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பிரியாணிக் கடை வாசலில் டிபன் கேரியரோடு வரிசை நின்றது. கறிக்கடைக்காரர்கள் இலையில் மடித்துக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்தால் விலையில் தள்ளுபடி என்று சில ஓட்டல்கள் பலகை வைத்தன. பரணில் கிடந்த தூக்குவாளிகள் கீழே இறங்கின. வழக்கு தொடுத்த உற்பத்தியாளர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்கவில்லை, தடை நிலைத்தது.

பிறகு கொரோனா வந்தது. மற்றவர் தொட்ட பாத்திரம் என்றாலே அச்சமானது. ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள் 'சுத்தம்' என்ற பெயரில் திரும்பி வந்து, நோய் போன பிறகும் போகாமல் நின்றுவிட்டன.

டீ கிளாஸ் போன இடம்

அப்படி வந்து நின்றவற்றில் முதலாவது பேப்பர் கப். காகிதம்தானே, மக்கிப்போகும் என்ற எண்ணத்தில்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். வெறும் காகிதத்தில் டீ ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் நனைந்து ஒழுகிவிடும். அதனால் உட்புறம் மெல்லிய பாலிஎதிலீன் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் படலத்தைக் காகிதத்திலிருந்து பிரித்தெடுப்பது கடினம் என்பதால் மறுசுழற்சிக்கும் எளிதில் போகாது. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரைக் காகிதக் குவளையில் ஊற்றி 15 நிமிடம் வைத்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அந்த நீரில் கலந்திருந்தன. தினம் மூன்று டீ குடிக்கிற ஒருவருக்கு இது எத்தனை என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி கிளாஸ் தேநீர்க் கடைக்குச் செலவு குறைந்த பொருள். உடையும்வரை உழைக்கும். ஆனாலும் கடைக்காரர்கள் பேப்பர் கப்புக்கு மாறியதற்கு நியாயமான காரணம் உண்டு. கழுவ ஆள் கிடைப்பதில்லை, தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே வாளியில் நூறு கிளாஸை முக்கி எடுத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பும் நியாயமானதே. கிளாஸ் மீண்டும் வர வேண்டுமானால் ஓடுகிற குழாய் நீரும் கொதிக்கும் வெந்நீரும் கடையில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் பேசாமல் கடக்க முடியாது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் வரலாற்றில் இரட்டைக் குவளை முறை ஒரு காயம். ஒரு சாதிக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு சாதிக்குத் தனியாகத் தொங்கும் குவளை என்ற கொடுமைக்குச் சட்டத்தின் பயம் வந்தபோது, சில ஊர்களில் அதே பாகுபாடு பிளாஸ்டிக் கப்பின் வடிவத்தில் தொடர்ந்தது. எனவே கண்ணாடி கிளாஸைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று பேசுகிறவர்கள், அது எல்லார் கைக்கும் ஒரே கிளாஸாக வர வேண்டும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். ஒருவர் வாய்வைத்ததைக் கழுவி அடுத்தவர் குடிப்பதுதான் மறுபயன்பாடு. அந்தச் சமத்துவம் இல்லாத இடத்தில் அது நிலைக்காது.

பேப்பர் கப்புக்கு மாற்றாக ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம் 2016-ல் வேறொரு வழியைத் தொடங்கியது. ஒரு யூரோ முன்பணம் கட்டினால் காபி கடையில் கெட்டியான குவளை ஒன்று தருவார்கள். குடித்துவிட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள எந்தக் கடையிலும் கொடுத்துக் காசைத் திரும்பப் பெறலாம். வாங்கிய கடைக்கே போக வேண்டியதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். 2023 ஜனவரி முதல், சிறு கடைகள் தவிர்த்த உணவகங்கள் பார்சலுக்குத் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரத்தையும் தரத் தயாராக இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே வந்துவிட்டது.

மஞ்சப்பைக்கு ஒரு கணக்கு

'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் வந்தது. சுற்றுச்சூழல் துறைச் செயலராக இதை முன்னெடுத்த சுப்ரியா சாஹு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரி ஆட்சியராக மலையில் பிளாஸ்டிக் ஒழிப்பைத் தொடங்கியவர். கிராமத்தான் என்று கேலிசெய்யப் பயன்பட்ட ஒரு பையை மரியாதைக்குரியதாக ஆக்கியதில் இந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இருந்தாலும் துணிப்பை சும்மா விளைவதில்லை. பருத்திக்குத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து, நூற்பாலைக்கு மின்சாரம், சாயத்துக்கு மறுபடி தண்ணீர். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணில் சொன்னது. காலநிலை பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். வாரம் ஒருமுறை காய்கறிக்கு எடுத்துப்போனால் இரண்டரை ஆண்டு. காகிதப் பை என்றால் 3 முறை.

இந்த எண்ணைக் காட்டி, பிளாஸ்டிக் பையே மேல் என்று சிலர் வாதாடுவது உண்டு. அது ஏமாற்றுவாதம். மாட்டின் வயிற்றில் சேரும் பையையும் மழைநீர் வடிகாலை அடைக்கும் பையையும் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வு உண்மையில் சொல்வது, கையில் இருக்கும் பையைக் கிழியும்வரை தூக்குங்கள் என்பதே. கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலத்தோடு வந்து அலமாரியில் குவியும் முப்பது மஞ்சப்பைகளால் பயன் இல்லை. ஸ்கூட்டர் டிக்கியில் ஒன்று, அலுவலகப் பையில் மடித்து ஒன்று, வாசற்கதவு ஆணியில் ஒன்று என்றிருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஜவுளிக்கடைகளில் தரப்படும், துணிபோலத் தோன்றும் பல பைகள் துணியே அல்ல. உற்றுப் பார்த்தால் நெசவின் நூல் இருக்காது. அச்சுக்குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அது பாலிபுரொப்பிலீன் இழையைச் சூட்டில் அழுத்திச் செய்தது. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

அண்டா முதல் டம்ளர் வரை

ஐந்நூறு பேர் சாப்பிடும் ஒரு கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்வோம். வாழை இலையில் குறை இல்லை. இலைக்கு அடியில் விரித்த தாள் சுருளும், இலையோரம் வைத்த குட்டித் தண்ணீர் பாட்டிலும், பாயசக் கப்பும், ஐஸ்கிரீம் கப்பும் அதன் கரண்டியும், வரவேற்பில் கொடுத்த காபி கப்பும்தான் குறை. ஆளுக்கு ஐந்து பொருள் என்று வைத்தாலும் ஒரு வேளையில் 2,500 உருப்படிகள் மண்டபத்தின் பின்புறம் குவிகின்றன. பாதி பாட்டில்களில் தண்ணீர் அப்படியே இருக்கும்.

இதற்கு மாற்று எங்கோ வெளிநாட்டில் இல்லை. எல்லா ஊரிலும் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்டா, குண்டான், தாம்பாளத்திலிருந்து எவர்சில்வர் டம்ளர் வரை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். தொலைந்தால் காசு பிடிக்கிறார்கள். ஃபிரைபர்க் காபி கடையில் கண்டதற்கு முன்பே இருந்த முறை. அதை மண்டபங்களும் சமையல் காண்ட்ராக்டர்களும் மெல்ல மறந்துவிட்டார்கள், அவ்வளவே. பெங்களூரில் அதம்ய சேதனா அமைப்பு தட்டு வங்கி ஒன்றை நடத்துகிறது. விசேஷம் வைத்திருப்பவர்கள் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் அங்கிருந்து எடுத்துப்போகலாம். கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின்போது கடைப்பிடிக்கப்பட்ட 'பசுமை நெறிமுறை', அரசு விழாக்களிலும் திருமணங்களிலும் பரவியது. ஒருமுறை பயன்படுத்தும் தட்டும் பாட்டிலும் இல்லாமல் பெரிய கூட்டத்தைச் சமாளிக்க முடியும் என்பதை அந்த மாநிலம் நடத்திக் காட்டிவிட்டது.

எவர்சில்வரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே பேசலாம். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழிவந்த உலோகம் இது. இரும்போடு குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப்பட்டு அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்கப் பாத்திரம் கெடாமல் இருப்பதன் ரகசியம் அதுதான். கல்யாணத்தின்போது பெயர் பொறித்துக் கொடுத்த டம்ளரில் பேரப்பிள்ளை பால் குடிக்கும் வீடுகள் இங்கே ஏராளம். கடைசியில் நசுங்கினாலும் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுப் புதுப் பாத்திரம் எடுக்கலாம்.

மும்பையின் டப்பாவாலாக்கள் இந்த உலோகத்தின் இன்னொரு சாட்சி. 1890-ல் தொடங்கிய அந்தச் சேவை, கொரோனாவுக்கு முன்புவரை தினமும் ஏறக்குறைய 2 லட்சம் சாப்பாட்டு டப்பாக்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், காலியானதும் மறுபடி வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது. இன்று செயலியில் ஆர்டர் செய்யும் சாப்பாடு ஒரு வழியில் மட்டும் பயணிக்கிறது. டப்பா திரும்பும் வழி அந்த வியாபாரத்தில் யோசிக்கப்படவே இல்லை.

பெண்கள் தலையில் மட்டுமா?

கழுவுவது யார் என்ற கேள்வியை இந்த விஷயத்தில் பலரும் தவிர்க்கிறார்கள். வீட்டில் டிஷ்யூவுக்குப் பதில் துணி, பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் எவர்சில்வர் என்று மாறும்போது கூடுகிற வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது. தூக்கியெறியும் பொருட்கள் பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தது உண்மை. ஆகவே இந்த மாற்றத்தை ஒரு வீடு செய்கிறது என்றால் துவைக்கும் கல்லுக்கும் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கும் ஆண்களும் வந்தாக வேண்டும். வராத வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் உபதேசம் அநியாயம்.

இதே கேள்வி மாதவிடாய்ப் பொருட்களிலும் நிற்கிறது. கடையில் விற்கும் பெரும்பாலான நாப்கின்களில் கசியாமல் காக்கும் அடித்தாள் பிளாஸ்டிக். மாதம் 10 என்று கொண்டாலும் பத்து ஆண்டில் ஒரு பெண்ணுக்கு 1,200. தூய்மைப் பணியாளர்கள்தான் இவற்றைக் கையால் பிரிக்கிறார்கள். மருத்துவத் தரச் சிலிக்கானில் செய்த மாதவிடாய்க் கோப்பை ஒன்று பத்து ஆண்டு வரை உழைக்கும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, ஆலப்புழை நகராட்சியும் எச்.எல்.எல். லைஃப்கேர் நிறுவனமும் 'திங்கள்' என்ற திட்டத்தில் 5,000 பெண்களுக்கு அதைக் கொடுத்தன. கொச்சி அருகே உள்ள கும்பளங்கி, இந்தியாவின் முதல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் கோப்பையைச் சும்மா கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை; உடலமைப்பு, பொருத்தும் முறை, கொதிக்க வைக்கும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

கோப்பை எல்லாருக்கும் பிடிக்கும் என்றில்லை. ஆரோவில்லில் 2010-ல் தொடங்கிய ஈக்கோ ஃபெம் அமைப்பு, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைச் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களைக் கொண்டு தைக்கிறது. துணி நாப்கினுக்குச் சோப்பும் தண்ணீரும் நல்ல வெயிலும் வேண்டும். வெயில்தான் சிக்கல். வெளிக்கொடியில் காயப்போட வெட்கப்பட்டு, இருட்டு மூலையில் ஈரத்தோடு மறைத்துவைத்தால் தொற்றுதான் வரும். எந்தப் பொருளைத் தேர்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. குளியலறையும் தண்ணீரும் ஒரு முழம் கொடியும் அவளுக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்வது மற்றவர்கள் பொறுப்பு.

பத்து ரூபாய் செய்த வேலை

நீலகிரிக் காடுகளில் உடைந்து கிடந்த மது பாட்டில்கள் யானைகளின் பாதங்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருவது என்று ஏற்பாடானது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவரே கொடுக்காவிட்டாலும், காட்டோரம் கிடப்பதை எடுத்துக்கொடுத்துக் காசு வாங்க வேறு யாரோ இருந்தார்கள். பிறகு கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. ஊழியர்களுக்கு வேலைப்பளு, கடையில் இடப்பற்றாக்குறை என்ற புகார்களும் கூடவே வந்தன. அவை தீர்க்க முடியாதவை அல்ல. திருமலையிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நிறுத்தப்பட்டபோது, முன்பணம் கட்டி வாங்கித் திரும்பக் கொடுக்கும் கண்ணாடி பாட்டில் கடைகளுக்கு வந்தது.

மதுவுக்கு முடிந்த இந்த ஏற்பாட்டைத் தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் மாநிலம் முழுக்கச் செய்ய முடியும். ஜெர்மனி 2003-லிருந்தே ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறது. ரயிலடியில் பாட்டில் கிடந்தால் அதைக் காசாகப் பார்க்கிறவர்கள் அங்கே உண்டு. உற்பத்தியாளரின் பொறுப்பு என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதை நடைமுறையில் கொண்டுவர இதைவிட நேரான வழி தெரியவில்லை.

பாட்டிலே வாங்காமல் இருக்க வேண்டுமானால் பொது இடத்தில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இரண்டு லிட்டர் ஸ்டீல் பாட்டிலோடு மதுரையில் பஸ் ஏறுகிறவர் சென்னை வருவதற்குள் அது காலியாகிவிடும். வழியில் பஸ் நிற்கும் மோட்டலில் குழாய் இருக்காது. இருந்தாலும் அதில் குடிக்கத் துணிவு வராது. ஸ்டீல் பாட்டில் வைத்திருந்தும் இருபது ரூபாய் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்க அவர் தள்ளப்படுகிறார். நீலகிரி மாவட்டம் குடிதண்ணீர் பாட்டில்களைத் தடைசெய்தபோது சாலையோரங்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் தண்ணீர் ஏ.டி.எம்.களை நிறுவியது. அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் தடையை மட்டும் கொண்டுவந்திருந்தால் முதல் வாரத்திலேயே மக்கள் கோபப்பட்டிருப்பார்கள், அதில் நியாயமும் இருந்திருக்கும். ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும், நெடுஞ்சாலை உணவகத்திலும், அரசு மருத்துவமனையிலும் சோதித்த தேதி எழுதிய பலகையோடு ஒரு குடிநீர்க் குழாய் இருக்க வேண்டும் என்பதை உரிமத்துக்கான நிபந்தனையாகவே அரசு வைக்கலாம். கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்கிற அதே அதிகாரி, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.